கைப்பையில் இருந்த குளிசை

நெல்லியடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறேன். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. அதனால் தினமும் காலையில் வயிற்றெரிவுக்கு ஒரு குளிசை. டொக்டர் எழுதித் தரும் மருந்துத் துண்டு இல்லாமலே மருந்துக்கடையில் தருவார்கள்.

கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. ஊசி, ஸ்கான், சோதனை எல்லாம் மனைவிக்கே நடந்தன. ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் ஆறு நாள் பட்டினி கிடந்தாள். நானும் கூடவே விரதம் பிடித்தேன், குளிசையை மட்டும் விடவில்லை. அது மருந்து என்றே எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் முதன்முறையாக என்னைச் சோதித்தார்கள். விந்தணு குறைவு.

"ஏதும் மருந்து பாவிக்கிறீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

மனைவி கைப்பையைத் திறந்து, எனக்காகக் கொண்டுவந்திருந்த குளிசை அட்டையை மேசையில் வைத்தாள். "கலியாணத்துக்கு முந்தியிருந்தே உதைப் போடுறார், டொக்டர்."

டொக்டர் அட்டையில் இருந்த பெயரை வாசித்தார். "உந்த வகைக் குளிசையைக் கனகாலம் போட்டால் சில ஆம்பிளையளுக்கு விந்தணு குறையலாம். உதுதான் காரணம் எண்டு இப்ப சொல்லேலாது. மாத்தித் தாறன், மூண்டு மாசத்தால திரும்பச் சோதிப்பம்."

போன கிழமை கீரிமலைக் கோயிலில் என் சித்தி மனைவியிடம், "இன்னும் ஒண்டும் இல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். வழக்கம்போல அவள் தலை குனிந்தது.

"வைத்தியம் எனக்குத்தான் நடக்குது, சித்தி. இனி என்னைக் கேளுங்கோ," என்றேன்.

ஐந்து வருடம் அந்தக் கேள்வியின் முன் அவளைத் தனியே நிற்க விட்டவன் நான். இனி விடமாட்டேன்.