ஏழு முதுகும் ஒரு முகமும்

சிவாஜினி பத்து வருடமாகச் செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். பாரிஸ் லாச்சப்பலில், பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கும் ஐங்கரனின் அச்சகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. யாராவது இறந்துபோனால் வீட்டார் மங்கிப்போன வதிவிட அட்டைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் கணினியில் அதற்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்து, கண்ணைக் கொஞ்சம் திறந்து, மேலே நாலு வரிக் கவிதை போட்டு அஞ்சலிப் பிரசுரமாக்கிவிடுவாள். ஒரு பிரதியைக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவது ஐங்கரனின் வழக்கம். யார் போய்விட்டார் என்பதை எங்கள் சனம் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

அந்த நாலு வரியை எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் நான். பெயர் நீக்கிலாஸ். உணவகம் ஒன்றில் மரக்கறி வெட்டுகிறேன். மற்ற நேரமெல்லாம் கவிஞன். எங்கள் கவிதை வட்டத்தில் எட்டுப் பேர். எட்டுப் பேரில் எவரும் மற்ற ஏழு பேரைக் கவிஞர் என்று ஒப்புக்கொண்டதில்லை.

சிவாஜினிக்குக் கவிதை வராது. ஆனால் கை நல்ல கை. அச்சகத்தில் வெட்டி எறிந்த காகிதத்தில் தூரிகையால் எதையாவது கீறிக்கொண்டே இருப்பாள்.

"உயிரோடை இருக்கிற ஆக்களை ஒருக்கா வடிவாக் கீறவேணும் அண்ணை" என்று ஒருநாள் சொன்னாள். "நான் செய்து குடுத்த படத்தை அந்தந்த ஆள் ஒருநாளும் பாத்ததில்லை, என்ன."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

2018 இலையுதிர் காலத்தில் அவள் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்தாள். பழைய யப்பானியக் கவிஞர்களின் படங்கள். முப்பத்தாறு கவிஞர்கள் என்று அங்கே ஒரு வரிசை உண்டாம். ஒவ்வொருவரும் தரையில் குந்தி இருக்கிறார். உடுப்பு பாய் விரித்ததுபோல அகலம், முகம் சின்னது, கண் ஒரு கோடு. தலைக்கு மேலே அவருடைய கவிதை வழிந்து இறங்குகிறது. பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் காகிதம். ஒரு பெண் கவிஞர் மட்டும் முகத்தைக் காட்டாமல் திரும்பி இருக்கிறாளாம். அவள் அவ்வளவு அழகியாம், அதனால் முகத்தைப் பார்ப்பவரின் கற்பனைக்கே விட்டுவிட்டார்களாம்.

"உங்கள் எட்டுப் பேரையும் இப்படிக் கீறித் தைமாதக் கவியரங்கிலை தொங்கவிடப்போறன்" என்றாள் அவள். நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தலைமயிரை ஒதுக்கினோம்.

முதலில் வரதராசா அண்ணை. வட்டத்தில் மூத்தவர். ஆளுக்குச் சொல்லாமல், பழைய படம் ஒன்றைப் பார்த்துக் கீறினாள். யப்பானிய அங்கிக்குப் பதிலாக அவருடைய குளிர்கால யக்கற், மடித்துச் சப்பாணி கட்டின கால், தலைக்கு மேலே அவருடைய கவிதை:

கோப்பை கழுவிய கைக்குள்ளே
கொஞ்சம் நுரை மிச்சம்.
வீடு போய்ச் சேருமட்டும்
வெண்ணிலவு என் சொத்து.

உண்மையிலேயே நல்ல படம். ஐங்கரன் பெருமை தாங்காமல் அதைக் கொண்டுபோய்க் கடைக் கண்ணாடியில் வைத்துவிட்டார்.

ஒரு முகம், மேலே நாலு வரிக் கவிதை, ஐங்கரனின் கண்ணாடி. வேறென்ன நினைக்கும் சனம்? வரதராசா இறந்துவிட்டார், மோசம் போய்விட்டார் என்ற கதை மத்தியானத்துக்குள் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரை போய்விட்டது. கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. நானும் வேலையைப் போட்டுவிட்டு மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன். அங்கே மின்தூக்கி இல்லை. படி ஏற ஏற அந்தக் கவிதை தானாக வாயில் வந்தது. உரக்கச் சொல்லி அழுதுகொண்டே கதவைத் தட்டினேன்.

திறந்தவர் வரதராசா. கையில் பாதி கடித்த றோல்ஸ்.

"என்ன நீக்கிலாஸ், அழுறாய்?"

"அண்ணை, நீங்கள் மோசம் போயிட்டியள்."

"ஆர் சொன்னது?"

"ஐங்கரன்ரை கண்ணாடியிலை கிடக்கு."

அவர் ஆறுதலாக மென்று விழுங்கினார். "நீ படியிலை சொல்லிக்கொண்டு வந்தது என்ரை கவிதையெல்லோ?"

"ஓம்."

"முழுக்கப் பாடமோ?"

நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். அவர் என் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார். "கோசலை, நீக்கிலாசுக்குத் தேத்தண்ணி போடு. பால் கனக்க விடு." அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் வேறு எந்தச் செத்த வீட்டிலும் கண்டதில்லை.

ஆனால் வட்டத்தில் மற்றவர்கள், முகம் கீறினால் சாவு வந்துவிடும் என்று பயந்துபோனார்கள். பியட்றிஸ் அக்கா அச்சகத்துக்கே வந்து சத்தம் போட்டார். "என்ரை முகத்திலை கை வைச்சியெண்டால் தெரியும், பிள்ளை!" ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கழன்றார்கள். சிவாஜினி கண்ணாடியிலிருந்த படத்தை எடுத்துச் சுருட்டி வைத்தாள்.

"உயிருள்ள ஒரு முகம் கிடைச்சுது. அதையும் சாக்காட்டிப்போட்டன்" என்றாள். இந்தமுறை சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே பியட்றிஸ் அக்காவிடம் போனாள். "அக்கா, முகம் வேண்டாம். அந்த யப்பான் அழகிமாதிரித் திருப்பிக் கீறட்டோ? முதுகு காட்டின அஞ்சலிப் பிரசுரம் எங்கையும் கண்டிருக்கிறியளோ?"

அழகி என்ற சொல் வேலை செய்தது. கொண்டை, கைப்பை, பச்சைச் சால்வை என்று அக்காவின் முதுகு அற்புதமாக வந்தது. அதைக் கண்டதும் கழன்றவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள், திரும்பி இருப்பதற்கு. நானும்தான். என் முதுகில் ஒரு கம்பீரம் உண்டென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிவாஜினி எல்லாவற்றையும் கீறினாள். கேட்டது முகம், கிடைத்தது முதுகு.

கடைசியாக வரதராசா அண்ணை வந்தார். சுருட்டி வைத்த படத்தை விரித்துப் பார்த்தார்.

"பிள்ளை, இது ஆர்?"

"நீங்கள்தான் அண்ணை."

"நான் இப்படி வாயை மூடிக்கொண்டு ஒருநாளாவது இருந்திருக்கிறனோ? படத்தைப் பாத்துக் கீறினால் செத்தவன்தான் வருவான். இப்ப நான் இஞ்சை இருக்கிறன். என்னைப் பாத்துக் கீறு."

அச்சியந்திரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே சப்பாணி கட்டி இருந்துவிட்டார். மரக்கறி விலை, மெத்ரோ வேலைநிறுத்தம், என் கவிதையில் உள்ள குறைகள் என்று ஒன்றும் விடாமல் கதைத்தார்.

"அசையாதேங்கோ அண்ணை! வாயை மூடுங்கோ!"

"அதை நீ கோட்டுப் போட்டுவிட்ட ஆக்களுக்குச் சொல்லு" என்றார் அவர். அவள் சிரித்த சிரிப்பில் தூரிகை நடுங்கியது. பிறகு அவர் கதைக்கக் கதைக்க, அப்படியே கீறினாள்.

தை மாதம் மண்டபத்தில் ஏழு முதுகும் ஒரு முகமும் தொங்கின. வந்த சனம் முழுக்க அந்த ஒரு முகத்துக்கு முன்னால்தான் நின்றது. வாய் திறந்தபடி, ஒரு கை மேலே தூக்கினபடி, அடுத்த சொல் இதோ வருகிறது என்பதுபோல. கோசலை அக்கா கிட்டப் போய்ப் பார்த்தார். "ஓம், இவர்தான். இப்ப காது வலிக்குது" என்றார்.

வரதராசா அண்ணை தன் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அன்றைக்கு அவர் வாய் மூடியிருந்தது அந்த நேரம் மட்டும்தான். சிவாஜினி படத்தைப் பார்க்கவே இல்லை; அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் மெல்ல அவள் பக்கத்தில் போனேன். என் கம்பீர முதுகை ஒருவரும் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"பிள்ளை, நாளைக்கு வந்து இருக்கட்டோ? முகத்தைக் காட்டிக்கொண்டு?"

"பயமில்லையோ அண்ணை?"

"பயம்தான்."

"அப்ப வாங்கோ" என்றாள். "கதைச்சுக்கொண்டே இருக்கவேணும், சரியோ?"