படத்தில் பெயர் போடாத இடம்

1. மாடு கட்டுகிற இடம்

ஈச்சிலம்பற்றுக்கு அப்பால், கடலுக்கும் பற்றைக்காட்டுக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்தில் நான் முதலில் வாங்கிய பதில் "இல்லை". அந்த ஒரு சொல் பாராளுமன்றம்வரை போய்த் திரும்பி வந்தது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

அப்போது நான் திருகோணமலை நில அளவை அலுவலகத்தின் படவரைபுப் பிரிவில் இரண்டாம் வருடம். கரையோரத்தில் காப்புக்காடாக அறிவிக்கப்போகிற ஒரு வன ஒதுக்கத்துக்கு எல்லை போட ட்ரோன் படம் எடுக்க அனுப்பினார்கள். விமானத்தளம் இருக்கிற சீனன்குடாவைத் தாண்டும்வரை ட்ரோன் பெட்டியைத் திறக்கக் கூடாது. விமானப்படையின் அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். பற்றரிகள் வெயிலில் இருக்கக் கூடாது. இப்படி எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. எதை வெளியே விடுவது என்பதற்கும் ஒன்று இருந்தது: வீடு, கிணறு, பயிர்நிலம், மயானம், வழிபாட்டிடம். இவை ஒதுக்கத்துக்கு வெளியே. மற்றதெல்லாம் உள்ளே. உள்ளே போன நிலத்தில் அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வழக்கு.

அந்தக் கிராமத்தவர்கள் கரையோர வேடர். தமிழ் பேசுகிற ஆதிவாசிகள். கிராமச் சங்கத் தலைவி செல்வி அக்கா, நாற்பது வயதிருக்கும், ட்ரோனைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார்.

"இந்தப் பறக்கிற சாமான் ஆற்ற மிஸ்?"

"அரசாங்கத்தின்ர."

"மேலால பார்த்திட்டு ஆருக்குச் சொல்லும்?"

"எனக்குச் சொல்லும். நான் அலுவலகத்துக்குச் சொல்லுவன். அங்கால கொழும்புக்குப் போகும்."

வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் தலை நிமிராமல், "அப்ப இண்டைக்கு ஆரும் வெளிய குளிக்காதீங்க. கொழும்பு பாக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செல்வி அக்கா சிரிக்கவில்லை.

வழிபாட்டிடம் ஏதும் உண்டா என்று கேட்டேன்.

"இல்ல."

"கோயில், சூலம், கல்லு, மரத்தடி?"

"இல்ல மிஸ். கும்பிடுறதெண்டா வெருகல் கோயிலுக்குப் போறனாங்க."

வேறு மூன்று வீடுகளில் கேட்டேன். அதே பதில், அதே வசனம். அது எனக்குப் பிடிக்கவில்லை. உண்மை சொல்கிறவர்கள் ஆளுக்கொரு மாதிரிச் சொல்வார்கள்.

செல்வி அக்காவோடு கரைப்பக்கம் நடக்கும்போது பற்றைக்குள் ஒரு பெரிய பாலை மரம். கீழே வெள்ளை மணல், சருகு இல்லை. சதுரமாக நாலு கம்பு நட்டுப் பிடுங்கிய குழிகள், மேலே மண் தள்ளி மூடியிருந்தது. ஓரத்தில் எரிந்த சிரட்டை.

"இது?"

"மாடு கட்டுற இடம்" என்றார் செல்வி அக்கா.

சாணி இல்லை. குளம்படி இல்லை. நான் ரப்லெட்டில் திறந்திருந்த வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

2. "என்னையாவது நம்புறீரோ?"

சில கிழமைகள் கழிந்து பாராளுமன்றத்தில் வாய்மூல விடைக்கு ஒரு கேள்வி வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார்: அந்த ஒதுக்கத்துக்குள் ஆதிவாசிகளின் வழிபாட்டிடம் அகப்படுகிறதா? அமைச்சருக்குப் பதிலும் வரைபடமும் எங்கள் அலுவலகம் கொடுக்க வேண்டும். பிரிவுத் தலைவர், நான் சேர் என்று கூப்பிடுகிறவர், என் மேசைக்கே வந்துவிட்டார்.

"இந்தச் சிவப்புப் புள்ளி என்ன?"

"சந்தேகம், சேர்."

"சனத்திட்டக் கேட்டனீரா?"

"ஓம். இல்லை எண்டு சொன்னவை."

"ட்ரோன் என்ன சொல்லுது?"

"மரமும் மணலும்."

"பிறகென்ன? அவையளே இல்லை எண்டுறதை நாங்கள் இருக்கு எண்டு சொல்ல ஏலுமோ?"

"அவை எங்களுக்குப் பொய் சொல்லியிருந்தா, சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் சனத்தையும் நம்பமாட்டீர், படத்தையும் நம்பமாட்டீர். என்னையாவது நம்புறீரோ?"

சனத்தை ஒதுக்கிவிட்டால் பிறகு குத்தகைக்கு எடுக்கலாம் என்று அந்தக் கரையை ஒரு ஹோட்டல்காரர் வந்து பார்த்துப் போனார் என்று அலுவலகத்தில் ஒரு கதை உலாவியது. சேர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்று யோசித்தேன். அந்தக் கதை உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அமைச்சருக்குப் போன படத்தில் புள்ளி இல்லை. என் அலுவலகக் கணினியில் இருந்தது. "படத்தைப் பற்றிக் கேள்வி வந்தா நீர்தான் பதில் சொல்லோணும்" என்று சேர் என்னையும் கொழும்புக்குக் கூட்டிப் போனார். துணைக்கா, பழி போடவா என்று வாகனத்தில் ஹபரணை வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

3. துண்டு

சபையில் அதிகாரிகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. அமைச்சருக்கு ஏதும் தெரியாவிட்டால் அங்கே ஒரு துண்டுக் காகிதம் அனுப்புவார். நாங்கள் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். நான் காதுக்கருவியில் தமிழ் மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அமைச்சர் நன்றாகப் பேசினார். காட்டைக் காப்பது தேசியக் கொள்கை, ஆதிவாசி மக்களுடன் நல்லிணக்கமும் தேசியக் கொள்கை, ஒன்றுக்காக மற்றதை இந்த அரசு விட்டுக்கொடுக்காது என்றார். மேசைகளில் தட்டினார்கள்.

கேள்வி கேட்ட உறுப்பினர் எழும்பினார். "அமைச்சர் அந்த மக்களிடம் கேட்டாரா, ஆகாயத்திலிருந்து பார்த்தாரா?"

"ஆகாயத்திலிருந்தும் பார்த்தோம், தரையிலும் கேட்டோம். அப்படி ஓர் இடம் இல்லை என்று அவர்களே சொன்னார்கள்."

"உறுதியாகவா?"

அமைச்சர் பின்னால் திரும்பிப் பார்த்தார். சேவகர் துண்டைக் கொண்டுவந்தார். அதில் "உறுதியா?" என்ற கேள்வி மட்டும் இருந்தது. சேர் அதை என் பக்கம் தள்ளினார். "எழுதும்."

உறுதி என்று எழுதினால் அந்த மரத்தடி வேலிக்குள் போய்விடும். இடம் இருக்கிறது என்று எழுதினால் அவர்கள் மறைத்ததை நாடு கேட்கிற இடத்தில் காட்டிக் கொடுத்தவள் ஆவேன். இரண்டையும் எழுதவில்லை. "இல்லை என்றார்கள். எங்களுக்குப் பயந்து சொல்லியிருக்கலாம். எல்லையை அரசாங்க வர்த்தமானியில் போட முன் மறுபடி கேட்க வேண்டும்" என்று எழுதினேன்.

சேர் வாசித்தார். கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இரண்டாக மடித்துச் சேவகரிடம் கொடுத்தார்.

அமைச்சர் அதை வாசித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அந்த மக்கள் பயந்து சொல்லியிருக்கலாம். அவர்களிடம் மறுபடி கேட்கும்வரை எல்லை அறிவிக்கப்படாது."

"அப்படியென்றால் இதுவரை சொன்னது?"

"இதுவரை சொன்னது எனக்குச் சொல்லப்பட்டது" என்று அமைச்சர் மறுபடியும் எங்கள் பக்கம் பார்த்தார்.

திரும்பும் வழியில் சேர், "அமைச்சரின்ர ஆக்கள் உம்மட பேரைக் கேட்டவை" என்றார்.

"எதுக்கு சேர்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல."

4. சுற்று

மறுபடி கேட்கப் போனபோது ட்ரோனைக் கொண்டுபோகவில்லை. செல்வி அக்கா முற்றத்தில் ஒரு கதிரை போட்டார். தான் உட்காரவில்லை.

"எங்கட கதை பார்லிமென்டில போச்சாம். போனில பார்த்தம். பயந்து சொன்னம் எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லேல்ல அக்கா. சாணியே இல்லாத இடம் எப்பிடி மாடு கட்டுற இடம் எண்டு யோசிச்சனான்."

அவர் கொஞ்சம் சிரித்தார். "மாட்டை மறந்திட்டம்."

வலை பொத்துகிறவர் இந்த முறை நிமிர்ந்தார். "முந்தி ஒரு இடத்தைக் காட்டினம் மிஸ். கம்பி வேலி வந்திச்சு. இன்னொண்டைக் காட்டினம். உள்ள வரக் கூடாதெண்டு பலகை வந்திச்சு. காட்டாத இடம் மட்டும்தான் இன்னும் எங்கட."

"ஆனா காட்டாட்டி இதுவும் காட்டுக்குள்ள போயிரும் அண்ணன்."

"அதுவும் தெரியும்."

செல்வி அக்கா சொன்னார், அளந்து அளந்து. அவர்கள் முன்னோருக்குச் செய்கிற சடங்குக்குப் பச்சை இலைக்குழையால் பந்தல் போடுவார்கள். முடிந்ததும் அதைப் பிரித்துக் குழியை மூடிவிட வேண்டும். அடுத்த சடங்குவரை அந்த இடத்தில் ஒன்றும் நிற்கக் கூடாது. கட்டடத்தைத் தேடுகிற எங்கள் விதிக்கு அது எந்தக் காலத்திலும் அகப்படாது.

அவர்கள் தங்களுக்குள் கூடிக் கதைத்தார்கள். என்னைத் தூரத்தில் இருக்கச் சொன்னார்கள். பிறகு செல்வி அக்கா வந்து, "இடத்தைக் காட்டமாட்டம். அது உள்ளுக்குள்ள வாற மாதிரி ஒரு சுத்தைக் காட்டுறம். ஏலுமா?" என்றார்.

ஏலும் என்றேன். பின்னேரம் முழுவதும் நடந்தோம். கரை, உப்புத்தரை, பழைய கிணறு, பற்றைக்காட்டின் வெளி விளிம்பு, திரும்பவும் கரை. ரப்லெட்டில் அது ஒரு பெரிய சுற்றாகப் பதிந்தது. அதற்குள் பாலை மரங்கள் நிறைய. நான் பார்த்த மரம் அவற்றில் ஒன்றுதான். அதுதான் அந்த இடமா என்று நான் கேட்கவில்லை, இப்போதும் தெரியாது.

"இந்தச் சுத்துக்கு என்ன பேர் போட?"

"பேர் போடாதீங்க. அந்தச் சிவப்புப் புள்ளி எங்க?"

ரப்லெட்டில் காட்டினேன். அவர் பார்க்கவே அழித்தேன்.

"வேற எங்கயும் இருக்கா?"

"கந்தோர்க் கணினியில ஒண்டு இருக்கு."

"அப்ப அதை அழிக்கக்குள்ள எனக்கு வீடியோ கோல் எடுங்க."

எடுத்தேன். அலுவலகத்தில் திரையைக் காட்டி அழித்தேன். "உங்கட சேர்ட மிசினில?" என்றார். போய்ச் சேரைக் கேட்டேன். அவர் என்னையும் போனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழும்பி இடம் விட்டார். அங்கும் ஒரு பிரதி இருந்தது. அதையும் அழித்தேன்.

"சுத்துக்குள்ள என்ன இருக்கெண்டு நானும் கேக்கக் கூடாதோ?" என்றார் சேர்.

"கேக்கலாம் சேர். எனக்குத் தெரியாது."

அவர் நம்பினாரா தெரியாது. ஆனால் சுற்றை வெளியே விட்ட படத்தில் கையொப்பம் வைத்தார். வர்த்தமானி வந்தபோது அந்தச் சுற்று ஒதுக்கத்துக்கு வெளியே, பெயரில்லாமல் இருந்தது. செய்தி சொல்லச் செல்வி அக்காவுக்குக் கோல் எடுத்தேன். "ம்" என்றார். "படத்தை அனுப்புங்க. நாங்களும் பார்க்கிறம்."

அவர் இடத்தில் நானும் சொல்லை நம்பாமல் படத்தைக் கேட்டிருப்பேன். நீங்கள் களத்துக்குப் போகும்போது வழிபாட்டிடம் ஏதும் "இல்லை" என்று சனம் சொன்னால் அதை எழுதிக்கொள்ளுங்கள். கீழே, யார் கேட்டபோது சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள்.