அன்று நான் சுத்தம் செய்த பிளக்

என் மனைவி பன்னிரண்டு வருடம் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகும் வேலை பார்த்தாள். தாயில்பட்டிப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனி வாசலில் தினமும் அவளை மொபெட்டில் இறக்கிவிட்டு, நான் சிவகாசிக்கு அச்சாபீஸ் வேலைக்குப் போவேன்.

தீபாவளி சீசன் நேரம். அன்று காலை வண்டி கிளம்பவில்லை. மிதித்து மிதித்து எனக்கு மூச்சு வாங்கியது. தூக்குச்சட்டியோடு நின்றவள் சொன்னாள்:

"விடுங்க. ரெண்டு நாளா எனக்கும் அசதியா இருக்கு. இன்னைக்கு லீவு போட்டுக்கிறேன்."

"பிளக்குதான் அடைச்சிருக்கும். அஞ்சே நிமிசம், நில்லு."

மெக்கானிக்கிடம் போகாமல் என் வண்டியை நானே பார்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு கர்வம். ஸ்பேனர் போட்டுக் கழற்றினேன். பிளக்கின் முனை கரி பிடித்து, ஆயில் படிந்து ஈரமாக இருந்தது. துடைத்து, உப்புத்தாளால் கரி போகும்வரை தேய்த்தேன். முனையில் இடைவெளி அகன்றிருந்தது. லேசாகத் தட்டிச் சரிசெய்தேன். வயரை மாட்டி, பிளக்கை இன்ஜின்மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு அவளை மிதிக்கச் சொன்னேன். நீலமாகப் பொறி விழுந்தது.

"பாத்தியா!" என்றேன். அவள் சிரித்தாள்.

திரும்ப மாட்டியதும் ஒரே மிதியில் கிளம்பியது. வழியெல்லாம் அந்தப் பெருமையைத்தான் பேசிக்கொண்டு போனேன். கேட்டை அடைக்கப்போன காவலாளி அவளுக்காகப் பொறுத்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

மதியத்துக்கு முன்பே எனக்கு போன் வந்தது. அவள் வேலை செய்த அறைக்கு அடுத்த அறை வெடித்திருந்தது. அதற்குள் இருந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. இவளுக்கு இரண்டு கைகளும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்துபோயின.

மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தாள். கட்டுப் பிரிக்கும் நேரம் வந்தால், அவள் அலறுவது கேட்காத தூரத்துக்கு நான் நடந்து போய்விடுவேன். வீட்டுக்கு வந்தபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அவளால் தாழ்ப்பாளைக்கூடத் திறக்க முடியாது.

இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்ததை ஒருநாள் சோறு ஊட்டும்போது சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு அந்தப் பிளக்கக் களட்டாம இருந்திருக்கணும். நீ லீவுன்னுதான சொன்ன?"

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் பாரம் கொஞ்சமாவது இறங்கும் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"அன்னைக்கு இல்லாட்டி இன்னொரு நாளு. நம்ம ஊர்ல வேற என்ன சோலி கெடக்கு? எம்புட்டு நாளைக்கு வண்டிய ரிப்பேராவே வச்சிருந்திருப்பீக?"

அடுத்த உருண்டையை எடுத்து ஊட்டினேன். என்னை மன்னித்துத்தான் அப்படிச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

அந்தக் கம்பெனியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்தே பெண்கள் வேன் ஏறிப் போகிறார்கள். அவள் வாசலில் உட்கார்ந்து, வேன் திரும்பும் முனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே வா என்று கூப்பிட்டாலும் வருவதில்லை.