முதல் டம்ளர் தண்ணீர்

மேங் கைஷானுக்குக் கரித்தூளைத் தவிர வேறு மருந்து தெரியாது. எங்கள் குடிநீர் நிலையத்தின் மேலாளர். பட்டங்களுக்குக் குறைவில்லை, மண்டையில்தான் ஒன்றும் ஏறவில்லை.

முன்பொரு முறை ஆற்றில் சாய ஆலையின் கரைப்பான் கலந்தபோது, கரித்தூள் கொட்டி ஊரைக் காப்பாற்றினோம். மூட்டை சுமந்தவர்கள் வேறு ஆட்கள். மேங் ஒரே ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. பிறகு கிடங்கு முழுக்கக் கரியாகவே வாங்கி அடுக்கினார்.

இந்த வசந்தத்தில் ஆற்றில் வந்தது காட்மியம். உலோகம் அது. கரித்தூளுக்குப் பெரிதாகப் பிடிபடாது. சுண்ணாம்பு போட்டால் வண்டலாக அடியில் படியும். ஆய்வகப் பொறுப்பாளரான நான் இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போய்ச் சுண்ணாம்பு கேட்டேன்.

“தோங் அக்கா, சுண்ணாம்பு வர்ற வரைக்கும் மேயருக்கு என்ன பதில் சொல்றது? கரி கையில இருக்கு. போன தடவை ஜெயிச்சோமா இல்லையா?” என்றார் மேங்.

“போன தடவை வந்தது வேற விஷம், மேங் மேனேஜர்.”

“விஷம்னா விஷம்தான்.”

மேலாளர் வாய் திறந்துவிட்டால் அப்புறம் மற்றவர்கள் தலையாட்டத்தான் வேண்டும். அது எங்கள் கூட்டங்களின் மரியாதை. சுண்ணாம்புதான் சரி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். த்தூ, இதுகளும் பொறியாளர்கள்.

கரி கொட்டி வடிகட்டியதும் தண்ணீர் தெளிந்தது. காட்மியம் குறையவில்லை. மேங்கிடம் சொன்னேன்.

“பளிங்கு மாதிரி இருக்கு, பாருங்க. ஊரே சோறு வடிக்கத் தண்ணியில்லாம நிக்குது. டிவிக்காரங்களும் வந்தாச்சு.”

இப்படி விபத்து நடந்தால், அதிகாரி முதல் டம்ளரைக் கேமரா முன் குடித்த பிறகுதான் ஊருக்கு வால்வு திறக்கும். மேங் என் காதருகே குனிந்தார்.

“பாட்டில் தண்ணிய டம்ளர்ல ஊத்திக் கொண்டாங்க, அக்கா.”

அப்படியென்றால் அவருக்கும் தெரியும். கேமரா பார்த்துக்கொண்டிருக்க, குழாயைத் திறந்து டம்ளரை நிரப்பி நீட்டினேன்.

“உங்க கரி சுத்தம் பண்ணின தண்ணி, மேங் மேனேஜர். குடிங்க.”

டம்ளர் அவர் உதடு வரை போனது. மெல்லக் கீழே வைத்தார்.

“வால்வைத் திறக்காதீங்க,” என்றார். “சுண்ணாம்பு லாரிக்குச் சொல்லுங்க.”

ஊர் பிழைத்தது. இப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு படங்கள். இரண்டாவதில் சுண்ணாம்பு மூட்டையைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்.