லிஸ்ட்ல இல்லாத மூட்டை

எங்க வீட்ல யார்ட்டயாச்சும் போயி நாளைக்கு என்ன சமைக்கட்டும்னு கேட்டுப் பாருங்க. எதாச்சும் வைன்னுதான் சொல்லுவாங்க. சரின்னு எதாச்சும் வச்சுக் குடுத்தா, தட்டப் பாத்துட்டு "இதா"ன்னு ஒரு இழுவை. இந்த எதாச்சும்முக்கும் இதாவுக்கும் நடுவுலதான் ஒன்றரை மாசமா என் பொழப்பு ஓடுது.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். எடுத்தாச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டரம்மா அப்பா, நான், தங்கச்சி மூணு பேரையும் கட்டிலச் சுத்தி நிக்க வச்சு, சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க. ஆறு வாரம். ஒரு கொடம் தண்ணி தூக்கக் கூடாது, கிரைண்டர் கல்லத் தொடக் கூடாது, குனிஞ்சு எதையும் இழுக்கக் கூடாது. உள்தையல் பிரிஞ்சா மறுபடி தியேட்டருக்குத்தான் கொண்டு போகணும். அம்மா எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டு, ரசம் மட்டும் நின்னுக்கிட்டே வச்சுக்கலாமான்னு கேட்டுச்சு. டாக்டரம்மா என்னையப் பாத்தாங்க. தம்பி என்ன பண்றீங்கன்னாங்க. மெக்கானிக்கல் முடிச்சுட்டேன், ஆஃபர் வந்துருச்சு, ஜாயினிங் டேட் இன்னும் வரலன்னேன். அப்ப நீங்கதான்னுட்டாங்க. நாலு வருசம் படிச்சதுக்கு எனக்கு வந்த மொத போஸ்டிங் அது.

சரி, சமையல்தான, பாத்துருவோம்னு லேப்டாப்ப எடுத்து உக்காந்தேன். ஏழு நாளு, மூணு வேள, கலர் கலரா ஒரு ஷீட். கொழம்பு என்ன, வெஞ்சனம் என்ன, தங்கச்சி டிபன் பாக்ஸுக்கு என்ன, கீழ அந்த வாரத்துக்கு வாங்க வேண்டிய சாமான் கிராம் கணக்குல. பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டுனேன். ஹாஸ்டல் மெஸ் போர்டு மாதிரியே இருக்குன்னு தங்கச்சி போட்டோ எடுத்து அவ ஃபிரண்டுகளுக்கு அனுப்புனா. அம்மா கட்டில்ல படுத்துக்கிட்டே வாசிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. புதன்கிழமை முட்டைக் கொழம்புன்னு வாசிச்சேன். "புதன் கிருத்திகைலே"ன்னுச்சு. மாத்துனேன். அடுத்த வாரம் வாசிச்சேன், திங்கள் அமாவாசையாம். அதையும் மாத்துனேன். முட்டைக்கு ஒரு நாள் கெடைக்கிறதுக்குள்ள மூணு தடவ பிரிண்ட் எடுத்தாச்சு. இதெல்லாம் எங்க எழுதி வச்சிருக்கன்னு கேட்டா, இதையெல்லாமா எழுதி வைப்பாகன்னு என்னையவே திருப்பிக் கேக்குது.

இதெல்லாம் சும்மா டீசர். மெயின் பிரச்சன எங்கப்பா.

அப்பா லோடு வண்டி ஓட்டுறாரு. விடியக்காலம் ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊருகள்ல காய ஏத்திட்டு வந்து திண்டுக்கல்ல எறக்குவாரு. விக்காம மிஞ்சுனது, முத்திப் போனது, வில போகாதுன்னு பறிச்சவுகளே கை விட்டது, எல்லாத்தையும் ஒரு சாக்குல கட்டி "வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணே"ன்னு வண்டியில போட்டு விட்டுருவாங்க. வேணாம்னா அவுக மூஞ்சி சுருங்கிரும். அதனால அப்பா வேணாம்னு சொன்னதே கெடையாது. சந்தையில அன்னைக்கு எந்தக் காய் தோக்குதோ, அது எங்க வீட்டு அடுப்புல செயிக்கும். ஒருக்கா தக்காளி வில விழுந்தப்ப பன்னெண்டு நாளு தொடர்ந்து தக்காளி. சோறு, கொழம்பு, சட்னி, தொக்கு, கடைசியில தக்காளிய வெறும் உப்பத் தொட்டு. பல்லு கூசி என்னால தண்ணி குடிக்க முடியல.

அப்பாவுக்கு இது பெரும. வீட்டுக்குன்னு இதுவரைக்கும் ஒரு காய் காசு குடுத்து வாங்குனதில்லன்னு கல்யாண வீட்ல எல்லாம் சொல்லுவாரு. நான் போயி, ஆறு வாரத்துக்கு மூட்டையே வரக் கூடாதுப்பா, லிஸ்ட்ல உள்ளத நானே வாங்கிக்கிறேன்னு சொன்னேன். "ம்"முன்னாரு. அப்பா "ம்"முன்னா காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். ஒத்துக்கிட்டாருன்னு அர்த்தம் இல்ல. ஆனா மூணு வாரம் நெசமாவே மூட்டை வரல. நான் செயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

இதுக்கு நடுவுல எதுத்த வீட்டக்கா வேற. மொத வாரம் ஒரு தூக்குவாளியில இட்லி மாவு கொண்டாந்தாங்க. வாங்கிக்கிட்டேன். "காய் எதுவும் வந்துச்சா தம்பி"ன்னு எட்டிப் பாத்தாங்க. இல்லக்கான்னேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி மாவு, மறுபடி அதே கேள்வி. எனக்குக் கடுப்பாயிருச்சு. மாவு வேணாம்க்கா, லிஸ்ட்ல இட்லி சனிக்கெழமதான், நான் பாக்கெட் மாவு வாங்கிக்கிறேன்னு வாசல்லயே வச்சு சொல்லிட்டேன். அந்தக்கா சரிப்பான்னு போயிருச்சு. அப்புறம் வரவே இல்ல. ஒரு தொந்தரவு விட்டுச்சுன்னுதான் அன்னைக்கு இருந்துச்சு.

நாலாவது வாரம் ஒரு காலையில உழவர் சந்தைக்குப் போனேன். லிஸ்ட்ல கத்திரிக்கா ரெண்டு கிலோ. பளபளன்னு நீளக் கத்திரிக்கா வச்சிருந்த ஒரு அம்மாட்ட நிறுக்கச் சொன்னேன். அந்தம்மா தராசக் கையில வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துச்சு. லோடு வண்டிக்காரர் மகன்தானன்னுச்சு. ஆமான்னேன்.

"ஏப்பா, இது உங்கப்பா வண்டியில வந்த காய்தேன். அஞ்சு மணிக்கு அவரு எறக்கிட்டுப் போறாரு, ஒம்போது மணிக்கு நீ வந்து நிறுக்கச் சொல்ற. வீட்ல சண்ட எதுவுமா?"

பக்கத்துக் கடையில நாலஞ்சு பேரு சிரிச்சாங்க. ஒரு பெருசு, அப்பன் வண்டி வாடகையையும் மகன்ட்ட சேத்து வாங்கிக்க ஆத்தான்னுச்சு. அந்தம்மா காசே வாங்க மாட்டேன்னுச்சு. நான் வம்படியா தராசுத் தட்டுல வச்சுட்டு, காதச் செவக்க வச்சுக்கிட்டு வந்துட்டேன். அங்க சிரிச்ச சிரிப்பு எனக்கு முன்னாடி அப்பாகிட்டப் போயிருச்சு.

மத்தியானம் அப்பா சாப்பிட உக்காந்தாரு. கத்திரிக்கா சாம்பார். தின்னு முடிச்சாரு. கையக் கழுவிட்டு, செவுத்தப் பாத்து சொன்னாரு. "நம்ம வீடும் காய் வாங்கித் திங்கிற வீடாயிருச்சு." எனக்கு வேணுங்கிறது ரெண்டு கிலோப்பா, நீங்க கொண்டாறது இருவது கிலோ, மிச்சத்த என் தலையிலயா கொட்டிக்கிறதுன்னு நானும் கேட்டுட்டேன். உள்ள இருந்து அம்மா, போதும்லேன்னுச்சு. போதும்னு நிறுத்துற வயசா எனக்கு.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். வாசல்ல தொப்புன்னு ஒரு சத்தம். போயிப் பாத்தா வாய் தச்ச முழுச் சாக்கு. அப்பா கையத் தட்டிக்கிட்டு நிக்கிறாரு.

"கத்திரிக்காதான வேணும் உனக்கு. இந்தா."

"இன்னைக்கு லிஸ்ட்ல பீர்க்கங்கா."

"அப்ப அது அங்கனயே கெடக்கட்டும்."

"கெடக்கட்டும்."

அவரு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. நானும் பைக்க எடுத்தேன். பீர்க்கங்கா ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு, நெசமாவே கடைக்குப் போக வேண்டிய அவசியம் இல்ல. கொத்தமல்லி வாங்குறேன்னு சொல்லிட்டுப் போனேன். அந்த மூட்டையத் தாண்டி, கால அகட்டி வச்சுத் தாண்டிப் போனேன். டீக்கடையில கூடப் படிச்சவன் ஒருத்தன் இருந்தான். எங்கப்பாவப் பத்தி அவன்ட்ட ரெண்டு டீக்குப் பேசுனேன். ஒரு மணி நேரம் ஆயிருச்சு.

திரும்பி வந்தா வாசல்ல மூட்டையக் காணோம். வாசப்படியில இருந்து நடுவீடு வழியா அடுப்படி வரைக்கும் தரையில ஒரு மண்ணுக் கோடு. கோட்டப் பிடிச்சுக்கிட்டே போனேன். அம்மா அடுப்படித் தரையில செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்கு. சாக்கப் பிரிச்சிருக்கு. கத்திரிக்காயெல்லாம் சின்னச் சின்னக் கூறா, ஏழெட்டுக் கூறு. அம்மா மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு.

"ஆடு வந்துருச்சுலே. ரெண்டு தடவ வெரட்டிப் பாத்தேன், சாக்கக் கடிச்சு இழுக்குது."

நான் ஒன்னும் கேக்குறதுக்கு முன்னாடியே, "தூக்கல, இழுக்கத்தான் செஞ்சேன்"ன்னுச்சு. அப்புறம், வயிறு லேசாப் பிடிக்குது, செத்த நேரம் இருந்தா சரியாப் போயிரும்னுச்சு. எந்திரிக்கும்போது சேலையில ரத்தம். யாரக் கூப்பிடுறதுன்னு தெரியாம எதுத்த வீட்டப் பாத்து அக்கான்னு கத்துனேன். மாவத் திருப்பி விட்டேன்ல, அதே அக்கா. ஈரக் கையோட ஓடி வந்தாங்க. ஆட்டோ பிடிச்சதும் அவுகதான், அம்மாவத் தாங்கி ஏத்துனதும் அவுகதான்.

ஆட்டோவுல போறப்ப அம்மா வயித்தப் பிடிச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, அந்தக்காட்ட மெதுவாச் சொல்லிக்கிட்டே வருது. மொதக் கூறு உனக்கு, நாளைக்கு மாவாட்டும்போது எங்களுக்கும் ஒரு கை சேத்துப் போடு. ரெண்டாவது சர்ச்சுப் பக்கத்து டீச்சருக்கு, அவுக வீட்டுக் கோழி முட்ட வச்சிருக்கும், வியாழக்கெழமைக்கு ஆகும். பெரிய கூறு முக்கு வீட்டுக்கு, அவுக தோட்டத்துத் தேங்கா ரெண்டு தருவாக. கடைசிக் கூறு நமக்கு, அத வத்தலுக்கு அரிஞ்சு போட்டா மழைக்காலத்துக்கு ஆகும்.

நான் எதுத்தாப்ல உக்காந்து கேட்டுக்கிட்டே வந்தேன். ஏழு நாளு, மூணு வேள. என் ஷீட்ல இருந்த அம்புட்டும் அதுல இருக்கு. இம்புட்டு நாளும் அந்த மூட்டை எங்க தெருவையே சுத்தி வந்து மாவா, முட்டையா, தேங்காயா எங்க வீட்டுக்குள்ள வந்திருக்கு, நான் ரோட்டு முக்குல போயி பாக்கெட் மாவு வாங்கிருக்கேன். எனக்கு அழுகையா வந்துச்சு. அத விட அதிகமா ஆத்திரமா வந்துச்சு. மூணு தடவ பிரிண்ட் எடுத்தேனே, அப்பவே இத வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதான. ஆனா ரத்தத்தோட உக்காந்திருக்க ஆள்ட்ட எப்படிச் சண்ட போடுறது.

டாக்டரம்மா பாத்துட்டு வெளிய வந்தாங்க. தையல் பிரியல, லேசாக் கசிஞ்சிருக்கு, மருந்துல நின்னுரும்னாங்க. நான் மூச்சு விடுறதுக்குள்ள அடுத்தது சொன்னாங்க. இன்னைலருந்து திரும்ப ஆறு வாரம். உள்ள படுத்திருந்த அம்மாவுக்கும் அது கேட்டுருச்சு. வீட்டுக் காலண்டர்ல அம்மா தெனமும் ஒரு கோடு அடிச்சுக்கிட்டு வந்துச்சு, இருவத்து நாலு கோடு. அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. வலியில கூட அது அப்படித் திரும்பல.

அப்பா சட்டையில கோணிச் சாக்குத் தூசியோட வந்தாரு. பெஞ்சுல பக்கத்துல உக்காந்தாரு. மூட்டைய வாசல்ல விட்டது யாருன்னு அவரும் கேக்கல, நானும் கேக்கல. ரெண்டு பேருக்கும் பதில் தெரியும். தரையப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

"நாளைக்கு என்ன போட்டிருக்க அப்பு, லிஸ்ட்ல?"

போட்டிருந்தது அவரக்கா. "கத்திரிக்கா"ன்னேன்.

"ம்"முன்னாரு.

இதோட எல்லாரும் திருந்தி, எல்லாம் சுபம்னு நெனச்சீங்கன்னா நீங்க எங்கப்பாவப் பாத்ததில்ல. இப்பல்லாம் மொத நாளே நான் அவருக்குப் போன்ல பேசி அனுப்பிருவேன், நாளைக்கு இன்ன காய், இன்ன அளவுன்னு. காய சரியாத்தான் கொண்டாறாரு. அளவு மட்டும் அவரு காதுக்குள்ள போகவே மாட்டேங்குது. பீர்க்கங்கா ஒரு கிலோன்னேன், ஒரு சாக்கு வந்துச்சு. நீதான கேட்டங்கிறாரு. கூறு போடுறது, தெருவுல குடுக்கப் போறது எல்லாம் இப்ப என் தலையில. அதுலயும் நிம்மதி உண்டா. டீச்சர் வீட்டுக் கோழி கரெக்டா கிருத்திகை அன்னைக்குத்தான் முட்ட குடுக்குது. முக்கு வீட்ல தேங்காய்க்குப் பதிலா பரங்கிக்கா குடுத்துட்டாங்க, தொடர்ந்து மூணு தடவ. வாரம் மூணு நாள் பரங்கிக்காய எந்த ஷீட்ல போயி ஏத்துறது. தங்கச்சி இன்னமும் "இதா"ன்னுதான் கேக்குறா. கம்பெனிக்காரன் இன்னமும் டேட் சொல்லல.

ஃப்ரிட்ஜ்ல இருந்த பேப்பரக் கிழிக்கல, ஆனா அதுல இப்ப வேலைக்காகுறது நான் பேனாவுல மேல எழுதுன ஒரு வரிதான். மூட்டை தரையத் தொடக் கூடாது. அப்பா வண்டியில இருந்து நேரா என் தோளு, என் தோள்ல இருந்து அடுப்படி. நான் வீட்ல இல்லாட்டி மூட்டை வண்டியிலயே கெடக்கணும். அப்பா இதுக்கும் "ம்"முன்னுதான் சொல்லிருக்காரு, அதனாலதான் நம்ப முடியல. அம்மாவுக்கு வேற அந்த வண்டிச் சத்தம் தெரு முக்குல வரும்போதே தெரிஞ்சுரும், காலக் கட்டில்ல இருந்து கீழ தொங்கப் போட்டுரும்.

இன்னைக்குக் காலையில அம்மா மறுபடி அடிக்க ஆரம்பிச்ச கோட்ட எண்ணிப் பாத்தேன். பத்தொம்பது. டைப் பண்ணிக்கிட்டே இருக்கேன், முக்குல வண்டி திரும்புது. உள்ள கட்டில் கிறீச்சுங்குது. நான் போறேன்.