பெல் அடித்துக்கொண்டே இறங்கிய மங்கம்மா

என் பெரிய பேரன் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் சேர்ந்துவிட்டான். பேத்தி நர்சிங் முடித்து சென்னையில் ட்யூட்டி பார்க்கிறாள். சின்னவன் போன வாரம் சிலம்பத்தில் கப் வாங்கினான், கப்பே அவன் இடுப்பு உயரம் இருக்கும்.

எது நடந்தாலும் முதலில் எதிர் வீட்டு மங்கம்மாவிடம்தான் சொல்வேன். கப் விஷயம் மட்டும் பாக்கி இருந்தது.

இன்று காலை சொல்லலாம் என்று போனேன். வாசலில் நிறைய செருப்புகள்...

மங்கா போய்விட்டாள். தூக்கத்திலேயே.

நான் முருகன் மலை அடிவாரத்தில் பூ கட்டுகிறவள். அவள் சத்துணவு சமைத்தவள். நம் ஊர் குரூப்பில் இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான்.

அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு கிடைத்த வேலை அது. ஊருக்கு வெளியே சின்னப் பள்ளிக்கூடம். முதல் பஸ் போய்ச் சேர்வதற்குள் அடுப்பு பற்றவைக்கும் நேரம் தாண்டிவிடும். ஒரு மாதம் பார்ப்போம், அதற்குள் நேரத்துக்கு வர வழி பண்ணவில்லை என்றால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அவள் மகன் சேகருக்கு மூன்று வயது.

பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தாள். ஓட்டத் தெரியாது. எனக்கும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

"நீ சும்மா கேரியரப் புட்ச்சிக்கக்கா. மீதிய நான் பாத்துக்கிறேன்."

"நான் உன்னப் புட்ச்சிக்கினா, என்ன யாரு புட்ச்சிப்பாங்க?"

விடியற்காலையில் ஸ்டேஷன் ரோட்டில் பழகினோம். மூன்று வாரத்தில் ஓட்டினாள்... ஆனால் நான் பின்னால் உட்கார்ந்திருந்தால்தான். தனியாக ஏறினால் கால் தரையைத் தேடும். மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

சைக்கிள் வந்தால் மலைக்குத் தள்ளிக்கொண்டு வந்து பூஜை போடுகிறேன் என்று முருகனிடம் வேண்டியிருந்தாள். பூஜை போட்டால் பயம் போய்விடும் என்று நம்பினாள்.

மார்கழி மாதம். வண்டி போகிற ரோட்டில் இரண்டு பேரும் வெறுங்காலோடு தள்ளிக்கொண்டு ஏறினோம். பனியில் ஊரே தெரியவில்லை. கீழே எங்கோ ரயில் போகிற சத்தம் மட்டும்.

மேலே போய் ஹேண்டில்பாருக்கு நான் கட்டிய சாமந்தி மாலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பொட்டு வைத்தது நான்தான். நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம். சீட்டுக்கு, பெல்லுக்கு, ரிம்முக்கு... பிரேக் கட்டைகளையும் விடவில்லை.

இறங்கும்போது அவள் ஓட்டினாள், நான் பின்னால். முதல் வளைவில் பிரேக் பிடித்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"இன்னாக்கா பண்ண பிரேக்க?"

"பொட்டு வெச்சேன்டி."

"அதுக்குமா?"

பயமாக இருந்தது. ஆனாலும் கனவில் போகிற மாதிரிதான் இருந்தது. பனி முகத்தில் ஈரமாகப் பட்டது. ஃப்ரீவீல் டிக் டிக் என்றது. மாலையிலிருந்து இதழ் பிய்ந்து பிய்ந்து என் மடியில் விழுந்தது.

"அக்கா, உன் வெயிட்டுக்குத்தான் இப்டி ஓடுது. அடுத்த வளைவுல மெதுவாவும். எறங்கிக்கோ."

"நான் எறங்கினா நீ வுழுந்துடுவடி."

"வுழுந்தா வுழறேன். நீ எறங்கு."

வளைவில் காலை ஊன்றி நழுவி இறங்கினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பச்சைப் புடவை பனிக்குள் போய் மறைந்தது.

அப்புறம் பெல் சத்தம்தான். விடாமல் அடித்துக்கொண்டே போனாள். ஒரு வளைவு... இன்னொரு வளைவு... நான் ரோட்டோரத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சத்தம் சின்னதாகிக்கொண்டே போய், நின்றுவிட்டது.

ஓடினேன். முருகனைத் திட்டிக்கொண்டே ஓடினேன்.

அடிவாரத்தில், ரோடு சமமாகிற இடத்தில், தேங்காய்க் கடை முன்னால் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். ஹேண்டில்பாரில் மாலையின் நார் மட்டும் மிச்சம்.

"இன்னாக்கா, இவ்ளோ லேட்டு?"

திங்கட்கிழமை தனியாகப் போனாள். வேலை நிலைத்தது. ரிட்டயர் ஆகும்வரை அந்த ரோட்டில் போய் வந்தாள். தினமும் என் வாசல் தாண்டும்போது ஒரு பெல்.

நான் பிரேக் கட்டைக்குப் பொட்டு வைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "முருகரு கொஞ்சம் வேகமா அனுப்சிட்டாரு" என்பாள்.

சேகர், பேனரில் ரேஷன் கார்டு போட்டோவைப் போட்டிருக்கிறாயே... அது பயந்த முகமாக இருக்கிறதுப்பா. அது அவள் இல்லை. போன பொங்கலுக்கு என் பேத்தி ஒன்று எடுத்தாள், அதில் மங்கா சைக்கிளோடு நிற்பாள், கட்டை விரல் பெல்மேல் இருக்கும். உன் போனில் இருக்கிறது. அதை இங்கே போடு.

பெல் அடிச்சிக்கினே போ மங்கா. நான் நடந்து வரேன்.