பின்சீட்டைக் கழற்றினேன்

என் கணவரின் அண்ணன் வளைகுடா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த வருடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர் ராஜாபோல உட்காரலாம். பின்னாலும் இரண்டு சீட்டு உண்டு என்று பெயர். ஒரு பள்ளிக்கூடப் பையை வைத்தால் அந்தப் பைக்கே மூச்சு முட்டும். அந்த இடத்தில் நான் பதினோரு வருடம் உட்கார்ந்தேன். என்னைப் பொறுமைசாலி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் கறுவிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ, நிச்சயமோ, கட்டிக்கொடுத்த பெண்ணின் புது வீட்டுக்குப் பலகாரத்தோடு அடுக்களை காணப் போவதோ, எதுவானாலும் அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் போய் இறங்க வேண்டும். தனித்தனியாக வந்தால் வீட்டில் ஏதோ சண்டை என்று ஊர் பேசுமாம். அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அத்தான் ஓட்டுவார், என் கணவர் அவர் பக்கத்தில் இருப்பார். அத்தானின் மனைவி இன்னும் வெளிநாட்டில் நர்சாக இருந்தார். என் மகள் ஹாஸ்டலில் படித்தாள், தப்பித்தாள். மிச்சம் நான்.

"நீ குட்டைதானே, நீ பின்னால இரி" என்பார் அத்தான். முதல் நாள் சொன்னது அதுதான், கடைசி நாள் சொன்னதும் அதுதான்.

இரண்டு கதவு வண்டியில் பின்னால் ஏறுவது எப்படியென்று ஏறியவர்களுக்குத்தான் தெரியும். முன்சீட்டை மடக்கி, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்து, முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். நுழைந்ததும் என் கணவர் முன்சீட்டை நிமிர்த்தி, அதைக் கடைசிவரை பின்னால் தள்ளிச் சாய்ந்துகொள்வார். அவருக்கு நீளமான கால். என் முழங்கால் என் நெஞ்சில் இருக்கும். அதற்குமேல் முந்திரிக்கொத்து டின், பலகாரச் சட்டி, மட்டி வாழைக்குலை எல்லாம் என்னைச் சுற்றி வந்து சேரும். மட்டிக் குலையின் கறை பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. அப்படி எனக்கு மூன்று சேலை போனது.

ஒருமுறை வடசேரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நிச்சயம். வண்டி நின்றதும் இரண்டு பேரும் இறங்கினார்கள், கதவுகளைச் சாத்தினார்கள், வாசலில் நின்றவர்களுக்குக் கைகொடுத்தபடி உள்ளே போய்விட்டார்கள். பின்னாலிருந்து கதவைத் திறக்க வழியில்லை. குலை ஒரு பக்கம், டின் ஒரு பக்கம், எட்டி முன்சீட்டின் பிடியைத் தொடவும் முடியவில்லை. உச்சி வெயில். கண்ணாடியைத் தட்டித் தட்டி என் வளையல் உடைந்தது. பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போய் ஆளைக் கூட்டி வந்தார். என் கணவர் வந்து கதவைத் திறந்து, "மறந்து போச்சு பிள்ளே" என்றார். அத்தான் தூரத்தில் நின்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் இந்த மனிதர் என்னிடம் வந்து, இதே வண்டியில் இடம் கேட்க வேண்டும். நான் "எடமில்ல அத்தான்" என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு சொல்லைச் சொல்வதற்காகவே நான் ஆயுசோடு இருப்பதாகச் சில நாள் எனக்குத் தோன்றும். சர்ச்சில் கண்ணை மூடி ஜெபிக்கும்போதுகூட இதைத்தான் கேட்டிருக்கிறேன். கேட்கக் கூடாததுதான், ஆனாலும் கேட்டேன்.

அருமனைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் கல்யாணக் கேக் செய்கிறவள். மகளுக்காகச் செய்யத் தொடங்கியது, பிறகு சபையில் ஒவ்வொருவராகக் கேட்டு, கடைசியில் அதுவே தொழிலாகிவிட்டது. ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மூன்று அடுக்குக் கேக் என்றால் ஆட்டோ பிடிக்க வேண்டும். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அத்தான் பெரிய கார் ஒன்றை எடுத்துவிட்டுச் சிவப்பு வண்டியைப் புரோக்கரிடம் தள்ளினார்.

நான் போய் அதை வாங்கினேன். என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கேக்கு கொண்டு போவ ஆராவது ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவாவளா? ஒரு ஓம்னி வேனு எடுக்கப்பிடாதா?" அவர் சொன்னது நியாயம்தான். அந்த வண்டி சின்னக் கல்லில் ஏறினாலும் எலும்பு வரை தெரியும், கேக்குக்கு ஆகவே ஆகாது. எனக்கு அது தெரியாமல் இல்லை. எனக்கு வேண்டியது கேக் வண்டி இல்லை, அந்தப் பின்சீட்டு. அது என் கையில் வர வேண்டும்.

மார்த்தாண்டத்தில் சீட்டு தைக்கும் கடைக்காரர் பின்சீட்டைக் கழற்றித் தந்தார். நான் கூடவே நின்றேன். நாலு போல்ட், இரண்டு பெல்ட், அவ்வளவுதான். வெளியே எடுத்து வைத்தபோது அது ஒரு தலையணை அளவுக்குத்தான் இருந்தது. இதிலா இத்தனை வருடம் இருந்தோம் என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அதை அங்கேயே அவரிடம் விட்டுவிட்டேன். "எஃப்சிக்குக் காட்டணும்னா திரும்ப மாட்டணுமே, வச்சுக்கிடுங்க" என்றார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அந்த இடத்தில் கேக் வைக்கப் பெட்டி செய்யத் தேங்காப்பட்டணத்திலிருந்து மீன்பிடி வள்ளத்துக்கு ஃபைபர் போடுகிற ஒருவரைப் பிடித்தேன். காரின் பின்பகுதி சமதளமே கிடையாது. இரண்டு பக்கமும் சக்கரத்தின் புடைப்பு, நடுவில் ஒரு மேடு, பின்னால் சரிவான கண்ணாடி. தச்சர் இரண்டு பேர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். இவர் வள்ளத்தின் உள்வளைவு பார்த்துப் பழகிய கை. காகிதத்தை ஒட்டி ஒட்டி அந்த வளைவுகளை அப்படியே எடுத்தார். ப்ளைவுட் அடித்தளம், அதன்மேல் ஃபைபர், மூன்று அறை, ஒவ்வொன்றுக்கும் தட்டும் மூடியும். பெரிய அடுக்குக்கு ஒன்று, சின்ன அடுக்குகளுக்கு ஒன்று, கிரீமும் கத்தியும் சர்க்கரைப் பூவும் வைக்க ஒன்று.

"பின்ன எப்பமாவது ஆளு ஏத்தணும்னா கழத்துத மாதிரி செய்யட்டா?" என்று கேட்டார்.

"ஆளு ஏறவே கூடாது. கழத்த முடியாத மாதிரி செய்யுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். ஆனால் சொன்னபடியே செய்தார்.

என் அவசரத்தில் ஒரு முட்டாள்தனமும் நடந்தது. தட்டு வழுக்காமல் இருக்க எங்கள் தோட்டத்து ரப்பர் ஷீட்டையே வெட்டிப் போட்டேன். வீட்டில் அடுக்கடுக்காகக் கிடக்கும்போது வெளியில் எதற்கு வாங்குவது என்ற எண்ணம். புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையில் காய்ந்த ஷீட்டின் வாடை பிறந்ததிலிருந்து மூக்கில் இருப்பதால் எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது. சோதனைக்காக ஒரு பிளம் கேக்கை உள்ளே வைத்து அரை நாள் சுற்றினேன். நாகர்கோவிலில் படிக்கிற மகள் வாயில் வைத்துவிட்டு, "அம்மா, இது கேக்கா, புகைப்புரையா?" என்றாள். ஷீட்டை எல்லாம் பிய்த்தெடுத்து, பெட்டியை வினிகரால் மூன்று தடவை துடைத்து, யோகா பாய் வாங்கி வெட்டிப் போட்டேன். அத்தான் மேல் உள்ள கோபத்தில் அந்த ஷீட்டையும் சேர்த்துத் திட்டினேன்.

ஓட்டுவதற்கு என் சீட்டைக் கடைசிவரை முன்னால் இழுத்து, கீழே ஒரு மெத்தை போட்டுக்கொள்வேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம், வரட்டும். சிவப்பு வண்டி தெருவில் திரும்பினால் கேக் வந்தாச்சு என்று சொல்லும் அளவுக்கு ஆனது. அத்தான் மட்டும் அதன் பக்கமே வரவில்லை. அவருக்குத்தான் பெரிய கார் இருக்கிறதே. நான் காத்திருந்தேன்.

நாத்தனார் மகனுக்குக் கல்யாணம் வந்தது. புதுக்கடைப் பக்கம் சர்ச். கேக் என்னுடையது. எங்கள் பக்கத்தில், குடும்பத்திலேயே புது வண்டி எதுவோ அதைத்தான் பூ ஒட்டி மாப்பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அத்தானின் பெரிய கார் முந்தின நாளே போய்விட்டது. ஊரிலிருந்து ஆட்களை ஏற்றிய வேன் காலையில் அவர் குளித்து, கோட்டுப் போட்டு முடிப்பதற்குள் கிளம்பிவிட்டது. தாய்மாமன் இல்லாமல் சர்ச்சில் முன்வரிசை நிறையாது. கோட்டும் டையுமாக, வேர்த்து விறுவிறுத்து அவர் எங்கள் முற்றத்துக்கு நடந்து வந்தார்.

நான் அப்போதுதான் கேக்கைப் பெட்டிக்குள் இறக்கி மூடியைப் பூட்டியிருந்தேன். என் கணவரும் கோட்டுப் போட்டு, முன்சீட்டில் ஏறத் தயாராக நின்றார். அத்தான் வருவதைப் பார்த்தேன். நான் கேட்டுக் கேட்டு வாங்கிய நாள் வந்துவிட்டது.

அவர் வந்ததும் தம்பியிடம், "லேய், நீ பஸ்சில வா. நான் இதுல போறேன்" என்றார். என்னிடம் கேட்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தவர், பெட்டியின்மேல் கையைத் தட்டினார். "கொள்ளாம் பிள்ளே! நல்ல வேல. எனக்க கையில இருந்தப்பம் இந்த எடம் சும்மா கெடந்துது. ஒரு ஆளுகூட இருந்ததில்ல."

அவர் கேலி செய்யவில்லை. மனதாரப் பாராட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதினோரு வருடம் நான் நெஞ்சில் வளர்த்துக்கொண்டிருந்த வழக்கில் எதிராளிக்கு அப்படியொரு வழக்கு இருப்பதே தெரியாது. "எடமில்ல அத்தான்" என்று இப்போது சொன்னால் அவருக்கு என்ன புரியும்?

நான் என் கணவரைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க. இதுல ஆரும் இருந்ததில்லியா?"

அவர் டையைச் சரிசெய்துகொண்டே யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை நான் பார்த்தேன். "இல்ல, குலை வைப்போம்" என்றார். "பலகார டின்னும் வைப்போம்."

அந்த முன்சீட்டைப் பின்னால் தள்ளித் தள்ளி என் முழங்காலை நசுக்கியது அத்தான் இல்லை. வடசேரியில் என் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் அத்தான் இல்லை. அவர் சிரித்தது ஒன்றுதான். பக்கத்து ஆளை முறைத்துக்கொண்டே நான் எனக்கு நேர் முன்னால் இருந்தவரைப் பார்க்கத் தவறியிருக்கிறேன். கோபம் அப்போது வந்த வேகத்தில் மனம் தெளிந்தது.

அத்தான் திறந்த கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வந்து என் இடத்தில் ஏறினேன். இரண்டு கதவையும் பூட்டினேன். அத்தான் கண்ணாடியைத் தட்டினார். "பிள்ளே, தொறக்க மறந்து போனியா?"

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். "மறக்கல்ல அத்தான். ரெண்டு பேரும் பஸ்சில வாருங்க. ஒண்ணாத்தான போய் எறங்கணும்."

என் கணவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வெகுநாளைக்குப் பிறகு அவர் வாயில் என் பெயர் வந்தது. நான் நிறுத்தவில்லை. மார்த்தாண்டம் தாண்டும்வரை ஒவ்வொரு குழியிலும் மெதுவாக இறக்கி ஏற்றி ஓட்டினேன். கேக்கில் ஒரு கீறல் விழவில்லை.

அவர்கள் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன்மார் எங்கே என்று அதற்குள் நாலு தடவை என்னிடம் கேட்டுவிட்டாள். அவளுக்காக மட்டும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வேர்வையில் நனைந்த கோட்டோடு என் கணவர் நடந்து வந்து என் பெஞ்சில் உட்காரப் பார்த்தார். நான் நகர்ந்து கொடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதும் அவர் பஸ்சில்தான் வந்தார்.